வட்டை என்றுதான் நீ எழுதினாய்

என் வாய்க்காரி மச்சாள் பவானிக்கு,

நீ போய் இவ்வளவு காலமும் ஒரு வரி எழுதாதவள் இப்போது எங்கிருந்து வந்தாள் என்று கேட்பாய். கேள். அழுவதற்காக எழுதவில்லை. அதெல்லாம் மாமியும் நானும் குசினிக்குள் இருந்து அழுதாயிற்று, இன்னும் அழுவோம். இது கோபத்தில் எழுதுவது. உன் எழுத்தைக் களவெடுத்துவிட்டார்கள்.

எங்கே என்று உனக்கே விளங்கும். ‘டை கட்டின சந்தை’ என்று நீ பட்டம் வைத்த அந்த உத்தியோகக்காரர் வலைத்தளத்தில்தான். ஆளாளுக்குக் கோட்டும் டையுமாகப் படம் போட்டு, பதவி உயர்ந்ததை அறிவித்து, ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டிருக்கிற இடம். அங்கே முழங்கால் வரை சேற்றோடு நின்று படம் போட்டிருந்தவள் நீ ஒருத்திதான். கடலோடு கலக்கும் நம் வாவிக் கரையோர வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றி, விவசாயி வாசித்தால் விளங்குகிற தமிழில் எழுதிக்கொண்டிருந்தாய். டை கட்டினவர்கள் உன்னை அப்போது கண்டுகொள்ளவில்லை.

இப்போது கண்டுகொண்டார்கள். நம் அலுவலகத்துக்குக் கொழும்பிலிருந்து வந்துபோகும் ஆலோசகர் இருக்கிறாரே, கூட்டத்தில் உன்னைப் பேசவிடாமல் கையைக் காட்டுவாரே, அவர்தான். உன் பதிவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எடுத்துத் தன் பெயரில் போட்டிருந்தார். ஒரேயொரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தார். “உப்பு வட்டைக்குள் ஏறினால் முதலில் வரம்போரப் புல்லைப் பார், நெல் வாடுவதற்கு முன்னமே புல் மாறிவிடும்” என்று நீ எழுதியிருந்தாய். அவருடைய பதிவில் “உப்பு வட்டாரத்துக்குள் ஏறினால்” என்று கிடந்தது. நம் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம் என்பது மனிதருக்குத் தெரியவில்லை. எழுத்துப்பிழை என்று நினைத்து, பெரிய மனது வைத்து உன்னைத் திருத்தியிருக்கிறார்.

சிரிப்பும் வந்தது. வயிறும் எரிந்தது. கீழே ஒரே புகழாரம். “ஆழமான பார்வை சேர்.” “களத்தை அறிந்தவர்.” உன்னோடு ஒரே மேசையில் இருந்து சோற்றுப் பார்சல் பிரித்துச் சாப்பிட்டவர்கள்கூட அதை அப்படியே பகிர்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. பொத்தானை அமத்தினால் பகிர்ந்தாயிற்று என்று நினைக்கிற சனம். உன்னுடைய எழுத்து என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் அமத்தினார்களா? எது கூடுதல் வெட்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ இப்படியா பகிர்வாய்? நம் ஊர்க் கோயிலில் அன்றொரு திருவிழாவுக்கு ஒலிபெருக்கியில் திருவிழா செய்யும் குடியின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் அம்மா வழிக் குடியின் திருவிழாவை உங்கள் அம்மா வழிக் குடியின் பெயரில் அறிவித்துவிட்டார்கள். பூசை நின்றது. சுவாமி வாசலிலேயே நின்றார். பெயரைத் திருத்திச் சொல்லும் வரைக்கும் ஒருவரும் தோள் கொடுக்கவில்லை. ஒரே குடியென்றால் அக்கா தங்கச்சி; நீயும் நானும் வேறு குடி, அதனால்தானே மச்சாள். அங்கே நின்று ஒருத்திக்கொருத்தி முகத்தை நெளித்துக் காட்டிக்கொண்டு நின்றோம்.

வரும் வழியில் நீ சொன்னாய், “குடிப் பெருமை எல்லாம் எனக்கு ஒத்துவரா. ஆனா ஒரு பொருள் ஆர்ர எண்டு சொல்லாமத் தூக்கக்கூடாது எண்டாங்க பாரு, அது மட்டும் சரி.”

அதற்குப் பிறகு அதுவே உன் சட்டமாயிற்று. மற்றவர்களின் பதிவைப் பகிரும்போது எழுதியவர் பெயரை முதல் வரியிலேயே போடுவாய். அதை ஏன் உன் ஆட்கள் வாசிக்க வேண்டும் என்று ஒரு வரி. எங்கே உனக்கு ஒத்துவரவில்லை என்று இன்னொரு வரி. “குடி சொல்லிப் பகிர்தல்” என்று அதற்கு நீயே ஒரு பெயரும் வைத்தாய். இந்தக் கடைசி வரியை எழுதாதே, ஆட்கள் கோபிப்பார்கள் என்று நான் சொல்வேன். நீ கேட்டால்தானே.

அண்ணன் முறையில் நாம் காக்கா என்கிற ஓட்டமாவடி ஹனீபாவை நீ பிடித்ததும் அப்படித்தான். நெல் வியாபாரி. டை கட்டின சந்தைக்குள் சாரம் கட்டி நிற்கும் படம் போட்டுத் துணிந்து நுழைந்த மனிதர். நுனி கருகிய கதிர் ஒன்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நீ அதை எடுத்து, “இது ஹனீபா காக்காவின் கண். நோய் என்கிறார், எனக்கு உப்பு என்று படுகிறது, மண் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று பகிர்ந்தாய். மண்ணைப் பார்க்க ஆட்கள் அவருடைய வயலுக்கே வந்தார்கள். அன்று அவர் உனக்கு அழைத்துச் சொன்னதை நீ ஒலிபெருக்கியில் போட்டு எனக்கும் கேட்கச் செய்தாய்.

“தங்கச்சி, நான் சொன்னது பிழை எண்டு சொல்லிப்போட்டு என்ர பேரை மேல போட்டிருக்கியள். இப்பிடி ஒரு மரியாதைய நான் காணல்ல.”

சரி, களவுக் கதைக்கு வருகிறேன். ஆலோசகரின் பதிவுக்குக் கீழே நான் எழுதினேன், “சேர், வட்டாரமில்லை, வட்டை. எழுதியது பவானி.” அவ்வளவுதான், ஏச்சுப் பேச்சு ஒன்றுமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் வரியைக் காணோம். பதிவுக்குள் ‘வட்டாரம்’ போய் ‘வட்டை’ வந்து உட்கார்ந்திருக்கிறது. சொல்லைத் திருத்திக்கொண்டார், மச்சாள். பேரைப் போடவில்லை. என்ன நெஞ்சழுத்தம் பார்.

மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உன் அம்மா கண்ணாடியைப் போட்டு ஆற அமர வாசித்தா. பிறகு அந்த மனிதரின் படத்தைப் பார்த்தபடி இருந்தா.

“இது என்ட பிள்ளைட பேச்சு. இவன்ட தாய் ஆராம்?” என்று கேட்டா.

தாயை வைத்துத்தானே குடி கேட்பது. எனக்கு அது போதும்.

அலுவலகத்தில் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கும் தெரியும். பயந்த மனிதர்.

“மகள், அவர்ர சொல்லிலதான் உங்கட வேலை அடுத்த வருசமும் நிக்கப்போகுது. உங்களுக்கு ஏன் இந்த வம்பு? நல்ல விசயம் நாலு பேருக்குப் போனாச் சரிதானே. ஆர் எழுதினா என்ன?”

“ஆர் எழுதினா என்ன எண்டா, அவர்ர பேர் மட்டும் ஏன் சேர் அதில கிடக்கு?”

“மோசம் போனவக்கு இனிப் பேர் என்னத்துக்கு மகள்?” என்றார்.

அந்த ஒரு கேள்விதான் என்னை எழுப்பிவிட்டது. அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை நான் அடங்கியிருப்பேன். வேலை எனக்கும் வேணும். பிள்ளை வளர்க்கிறவள்தானே நான். ஆனால் செத்துப்போனதால் உனக்குப் பேர் வேண்டாம் என்று தீர்மானிக்க இவர்கள் ஆர்?

அங்கேயே, என் மேசையிலேயே இருந்து, உன் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். உன் கணக்கு இன்னும் இருக்கிறது, சேற்றுக் கால் படமும் இருக்கிறது. குடி சொல்லிப் பகிர்ந்தேன். “இதை எழுதியவர் என் மச்சாள் பவானி. வேறு எவருமல்ல. இந்தப் போகத்திலும் வாவித் தண்ணீர் ஏறியிருக்கிறது, விதைக்கப் போகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள். எனக்கு ஒரு சந்தேகம், இந்தப் புல் கணக்கு எல்லா வட்டைக்கும் சரிவருமா? ஓட்டமாவடிப் பக்கம் எப்படி என்று ஹனீபா காக்கா சொல்லட்டும்.”

ஓம், உன்னில் பிழை பிடித்தேன். செத்தவள் என்று விட்டுக்கொடுத்தால் அது உன்னைப் பகிர்ந்தது ஆகாது, படத்துக்கு மாலை போட்டதுதான். நீ உயிரோடு இருந்திருந்தால் என்னைக் கடித்துக் குதறியிருப்பாய். ஒருமுறை வந்து குதறிவிட்டுப் போயேன்.

பணிப்பாளர் கதவடிக்கு வந்து நின்றார். “அதை எடுத்துவிடுங்க, மகள்.”

“எடுக்க மாட்டன் சேர்.”

அவர் போய்விட்டார். வேலை நிற்குமோ போகுமோ தெரியாது. போனால் உன்னைப் போல நானும் சேற்றுக்குள் இறங்கிப் படம் போடுகிறேன்.

பின்னேரம் ஹனீபா காக்கா நான் போட்டதை எடுத்துப் பகிர்ந்திருந்தார். எங்கட பக்கம் புல்லு மாற முன்னமே நெல்லு நுனி கருகிடும், அந்த வரியத் திருத்தோணும் என்று எழுதி, அதற்கு மேலே, முதல் வரியில் இப்படிப் போட்டிருந்தார்: “சொல்லு பவானி தங்கச்சிட. கொண்டுவந்தது அவட மச்சாள். பிழை புடிச்சது நான்.”

அதைப் பகிர்ந்தவர்கள் அந்த வரியை வெட்டாமல், தங்கள் பெயரையும் தங்கள் வயலையும் கீழே சேர்த்துப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். சோற்றுப் பார்சல் கூட்டாளிகளில் ஒருத்தியும் அதில் இருக்கிறாள். உன் பேர் வட்டை வட்டையாகப் போய்க்கொண்டிருக்கிறது, மச்சாள். ஆலோசகர் இன்னும் வாய் திறக்கவில்லை.

உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். உன் சொல் எங்கே போனாலும் முன்னால் உன் பேர் போகும், பின்னால் நான் போவேன், பிழை கண்டால் அங்கேயே உன்னோடு சண்டை பிடிப்பேன். உன்னைச் சும்மா கிடக்க விட மாட்டேன்.

இப்படிக்கு,
வேறு குடியில் பிறந்ததால் உனக்கு மச்சாளானவள்