ஏழாம் எண் காதுவில்லை

செவ்வாய் ஆண்டின் நாள் 611, 09:10
செவ்வாய்ப் பல்கலைக்கழகம், கால்நடை அறிவியல் துறை, ஆட்டுக் கொட்டில். எழுதுவது பராமரிப்பாள் பூவாயி. ஆடு பன்னிரண்டு. காற்றழுத்தம் சரி.
செய்முறைத் தேர்வு நடந்தது. உடல்சூடு பார்க்கும் காதுவில்லைகளை மாணவர்கள் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். ஏழாம் எண்ணைச் சினையாட்டுக்கு மாட்டிவிட்டாள் மாணவி யாழ்மதி. அந்த ஆட்டின் எண் பதினொன்று. இடது கொம்பு உடைந்ததுதான் ஏழு. நான் வாய் திறக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன், நாற்பது பிள்ளைகள் எதிரில், "சாணி அள்றதோட நிறுத்திக்குங்க ஆயா" என்றவர் பேராசிரியர் ஞானதிரவியம். அன்று அவர் போட்டிருந்த சட்டை நிறம்கூட மறக்கவில்லை.

நாள் 612, 11:40
தேர்வுக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஏழுக்கு நுரையீரல் காய்ச்சல். மனிதருக்கும் தொற்றுமாம். கதவு பூட்டிக்கொண்டது. நான் உள்ளே. தீவனக் குழாயில் கொல்லும் ஊசி ஒன்று வந்தது.
வானொலியில் பேராசிரியர்: "ஏழாம் நம்பருக்குப் போட்டுருங்க ஆயா. ஆடு செத்து வில்லை குளிர்ந்தா ஆறு மணிக்குக் கதவு தானாத் திறக்கும்."
நான்: "வில்லை மாறிக் கெடக்குங்க ஐயா."
அவர்: "வில்லை பொய் சொல்லாது. பழைய கோவத்தை இப்பக் காட்டாதீங்க."

12:25
சினையாட்டுக்கே போட்டேன். தெரிந்தே போட்டேன். வீம்பு. செத்துச் சாய்ந்த பிறகும் வயிற்றுக்குள் குட்டிகள் வெகுநேரம் அசைந்தன.

15:50
கொம்பு உடைந்த ஆடு நேற்றிலிருந்தே என் முகத்தில் இருமுகிறது. எனக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. பேராசிரியரை ஆறு முறை கூப்பிட்டேன். கூட்டத்தில் இருக்கிறாராம்.

17:20
வானொலியில் யாழ்மதி: "நான்தான் மாத்திட்டேன் ஆயா. சார்கிட்ட சொன்னா என் படிப்பே போயிடும். கதவு திறந்ததும் நானே மொதல்ல வந்து சரி பண்ணிடறேன்."
நான்: "வராத. எனக்கும் காய்ச்சல்."
அதற்குள் தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

17:48
கதவுக்கு வில்லைக் கணக்குதான் தெரியும். என் காய்ச்சல் தெரியாது. ஆறு மணிக்குத் திறந்தால் அந்தப் பெண் உள்ளே வந்துவிடுவாள். செத்த சினையாட்டின் காதிலிருந்து ஏழாம் எண்ணைக் கழற்றினேன். என் தோடு கழற்றிய துளையில் மாட்டினேன். கிழித்துத்தான் ஏறியது.

18:00
இயந்திரம்: "எண் ஏழு. உயிருடன் உள்ளது. கடும் காய்ச்சல். கதவு திறக்கப்படாது."
வெளியே அந்தப் பெண் தட்டுகிறாள்.

18:30
யாழ்மதியைத் தேர்வில் தோல்வியாக்க வேண்டாம். அந்த ஆளை மன்னிக்கவில்லை, அதையும் எழுதி
குழாயில் சத்தம். இன்னொரு ஊசி வந்திருக்கிறது. சீட்டில் எண் ஏழு