இரண்டாவது குப்பி

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் உன் பேச்சுக்கு இளகிவிடுவேன். அதனால்தான் கூரியரில் கடிதம்.

என் கையெழுத்துக் கேட்டு நீ அனுப்பிய தாள் வந்தது. சோதனைக் கோழிகள் எதற்கும் தடுப்பு மருந்து போடவில்லை என்று டைப் அடித்திருக்கிறாய். உனக்கு என்ன நெஞ்சழுத்தம்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அன்று என் கொட்டகையில் நானூறு குஞ்சுகளுக்கும் ஏழாம் நாள், தடுப்பு மருந்து போடும் நாள். எப்போதும் போல, வாசல் பக்கத்து இருநூறுக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு முடித்துவிட்டேன். இரண்டாவது குப்பியைத் திறக்கப் போகையில் உன் போன் வந்தது. நிறுத்துக்கா, என் ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கீழாநெல்லிச் சாற்றைச் சோதிக்க மருந்து போடாத குஞ்சுதான் வேணும் என்றாய். பாதிக்குப் போட்டாச்சே என்றேன். பரவாயில்லக்கா, பாத்துக்கலாம் என்றாய்.

மறுநாள் வந்து வாசல் பக்கத்துக் குஞ்சுகளின் காலில் நீல வளையம் மாட்டினாய். அவற்றுக்குச் சாறு. உள்பக்கத்து இருநூறுக்குச் சிவப்பு வளையம், வெறும் தண்ணீர். நீலத்துக்கு எல்லாம் நான் சொட்டு விட்டிருக்கேன்டா, கலந்து பிரி என்றேன். படித்தவனுக்கே பாடம் எடுக்கிறியா என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

ஐந்தாம் வாரம், அந்தச் சொட்டு மருந்து தடுக்கிற வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. சிவப்பு வளையக் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. நூற்றெண்பதை உன் அத்தானும் நானும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். நீல வளையங்கள் தெம்பாக நின்றன. சாறுதான் காப்பாற்றியது என்று அவற்றோடு நீ நின்ற போட்டோ பேப்பரில் வந்தது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தம்பி பெரிய ஆளாகிவிட்டான் என்ற பெருமையில் மூடிக்கொண்டேன். இதில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது என் நாத்தனார் அந்தப் பேப்பரைக் கொட்டகைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு அவள் வீட்டில் அடுப்பெரிவது கோழிகளால்தான். புதிதாக ஐந்நூறு குஞ்சு இறக்கியிருக்கிறாள். வரும் வியாழன் ஏழாம் நாள். சொட்டு மருந்து விடு என்றால், உங்க தம்பியோட சாறு இருக்கையில அது எதுக்கு என்கிறாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். சொந்தத் தம்பி முன்னுக்கு வர்றது உங்களுக்கே பொறுக்கலையா அண்ணி என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். அவள் பக்கத்துப் பண்ணையில் நேற்றே கழிச்சல் தொடங்கிவிட்டது.

சாறு பொய் என்று நான் சொல்லவில்லை. நல்லதாகவே இருக்கலாம். அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அவள் பிழைப்பில் மண்ணைப் போடாதே.

திறக்காத இரண்டாவது குப்பி இன்னும் பிரிட்ஜில் முட்டைத் தட்டில் இருக்கிறது; பாதிக்குத்தான் மருந்து போட்டேன் என்பதற்கு அதுவே சாட்சி. புதன் மாலைக்குள் நீயே அவளுக்குப் போன் செய்து உண்மையைச் சொல். எனக்கு வேண்டாம், அவளுக்கு. இல்லாவிட்டால் வியாழன் காலை அந்தக் குப்பியோடு உன் பேராசிரியர் முன்னால் நிற்பேன். உன் பட்டம் போகும், வேலையும் போகும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து வேண்டும் என்றாயே, இந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி. அவளும்தான்.

உன் அக்கா