வடக்குக் கடற்கரையில் யாரும் இல்லை

மார்ச் 3

ஒருவழியாக வரைவு அறிக்கை அலுவலகத்தை விட்டு வெளியே போய்விட்டது. ராணுவம் நம் கரையிலிருந்து ஓர் ஏவுகணையை விட்டு, தூரத்துக் கப்பலிலிருந்து வரும் இன்னொன்றை நடுவானில் அடித்துப் பார்க்கப்போகிறது. உடைந்த துண்டுகள் கடலில் விழும். அதனால் கடலுக்கும் கரைக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து சொல்வது எங்கள் வேலை. பறவைகளுக்கு எண்பது பக்கம், மீன்களுக்கு அறுபது, சத்தத்துக்கு ஐம்பது. மனிதர்களுக்கு ஒன்பது. அந்த ஒன்பதும் என் கைவண்ணம்.

ஒன்பதே அதிகம் என்கிறார் பறவைக்காரர். பறவை அத்தியாயம் எழுதுகிறவர். மனிதர்கள் அவருக்குக் கூடு கட்டாத, சுவாரசியமில்லாத பிராணிகள்.

என் அத்தியாயத்தின் சாரம் இதுதான்: சோதனை நாட்களில் விடியலிலிருந்து பகல்வரை வடக்குக் கடற்கரையை மூடலாம். காலையில் அங்கே வருபவர்கள்: பூஜ்யம். மூன்று வாரம் எண்ணி வாங்கிய பூஜ்யம், சும்மா இல்லை.

மார்ச் 6

குளியலறையில் மறுபடி மணல். அத்தையின் செருப்பிலிருந்துதான். தினமும் விடியற்காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகிறார். பூங்காவில் ஏது இவ்வளவு மணல் என்று கேட்டேன். புதிதாகக் கொட்டியிருக்கிறார்களாம். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், என் மாமியார். ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் கேட்டுப் பழகியதில் அவருக்கும் அது கைவந்துவிட்டது போலிருக்கிறது.

முட்டி மட்டும் நன்றாகத் தேறிவருகிறது. போன வருடம் படியில் விழுந்து நாற்காலியே கதி என்று கிடந்தவர். அப்போது இவர், அதாவது அத்தையின் அருமைப் பிள்ளை, என் கணவர், மாடிப்படி, பஸ், கடல் மூன்றுக்கும் ஒரேயடியாகத் தடை போட்டார். இப்போது அத்தை சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். எல்லாம் தான் தேடிப் பிடித்து வாங்கிய மாத்திரையின் மகிமை என்று இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 9

அத்தையின் துண்டு கொடியில் அட்டை மாதிரி விறைத்துக் காய்கிறது. பூங்காவில் உப்புத்தண்ணீரும் விடுகிறார்களா?

மார்ச் 14

பொதுமக்கள் கருத்துக் கூட்டம். நகர மண்டபத்தில் மின்விசிறி சுற்றியதைவிட முனகியது அதிகம். ராணுவ அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார். ஜன்னல் கண்ணாடி உடையாது, மீன் விஷமாகாது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் அத்தை எழுந்து நிற்கும்வரை.

"வடக்குக் கடற்கரையில காலையில யாருமே இல்லைன்னு போட்டிருக்கீங்க. நான் தினமும் அங்கதான் இடுப்பளவு தண்ணியில நடக்கிறேன். என்கூட இன்னும் நிறையப் பேர் வர்றாங்க. அப்ப நாங்கல்லாம் யாரு, ஆவியா?"

மண்டபம் சிரித்தது. எங்கள் மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அது பிளக்கவில்லை.

"போன வருஷம் நாற்காலியை விட்டு எழுந்திரிக்க முடியல. அந்தத் தண்ணிதான் என்னை நடக்க வச்சுது. அதை மூடிட்டீங்கன்னா எனக்குத் திரும்ப நாற்காலிதான்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில், என்னைக் கூட்டிப்போக வந்த இவர், கார் சாவியைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்றிருந்தார்.

காரில் கிளம்பினோம். முதல் சிக்னலில் இவர், "பூங்கா," என்றார். அடுத்த சிக்னலில், "பூங்காவாம்."

மார்ச் 15

மூன்று வாரம் எண்ணினேனே, எப்படித் தப்பியது?

வண்டி நிறுத்துமிடத்து வாசலில் ஒரு ரப்பர் குழாயைக் குறுக்கே போடுவோம். அதன்மேல் சக்கரம் ஏறினால் எண்ணிக்கை ஏறும். எல்லாக் கடற்கரைக்கும் இதே முறைதான், யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அத்தையும் தோழிகளும் நடந்தே வருகிறவர்கள். குழாயைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஒருத்தி மிதித்திருந்தாலும் அது அசைந்திருக்காது.

டயரை எண்ணிட்டு மனுஷங்களே இல்லைன்னு எழுதியிருக்கேன். அதுவும் என் வீட்டு மனுஷியை! தினமும் காலையில என் கண் முன்னாடி செருப்பை மாட்டிட்டுக் கிளம்புறவங்களை — என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 18

கூட்டத்தில் சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும் நாங்கள் எழுத்தில் பதில் தர வேண்டும், விதி. அத்தையுடையது பதினாலாம் கருத்து. "கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதிவிட்டு மேலே போகச் சொல்கிறார் மேலாளர். எங்கள் பாஷையில் அதற்கு, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டோம் என்று பொருள். திரும்ப எண்ணலாம் என்றேன். நேரமில்லை, மேலும் மாமியார் விஷயத்தில் மருமகள் எண்ணக்கூடாது என்றார். இரண்டாவது நியாயம்தான். அப்படியானால் வேறு யாராவது எண்ணட்டும் என்று விடாப்பிடியாக நின்றேன். கையில் வேலை இல்லாதவர் பறவைக்காரர் ஒருவர்தான்.

சாப்பிடும்போது அத்தை, "பதினாலுக்குப் பதில் எழுதியாச்சா?" என்றார்.

ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்றேன்.

"சரி, உப்பை இந்தப் பக்கம் தள்ளு. அது வீட்டு விஷயம்தானே."

மார்ச் 21

பறவைக்காரர் பிடிபட்டார்.

பழக்கதோஷம். நேரே போய் எண்ணாமல், பறவைகளை எண்ணுவதுபோலப் புதருக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரில் பெண்கள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அத்தை ஈரப்புடவையோடு கரையேறி, பின்பக்கமாகச் சுற்றிவந்து, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அட்டை ஆபீஸில் இருந்தது. டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப்போல எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்து விசாரணை. போன் வந்ததும் நான் ஓடிப்போய்த்தான் மீட்டு வந்தேன்.

இருந்தாலும் மனிதர் கெட்டிக்காரர், எண்ணி முடித்துவிட்டுத்தான் மாட்டியிருக்கிறார். அவருடைய குறிப்பு: "பதினேழு. கூட்டமாக வரும், கூட்டமாக மிதக்கும், ஓயாமல் சத்தமிடும். அந்நியர் நெருங்கினால் தாக்கும்."

மார்ச் 26

டாக்டர் அத்தையின் முட்டியை அமுக்கிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள், இதையே விடாமல் செய்யுங்கள் என்றார். இவர் மாத்திரையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அந்த மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது என்றார் அத்தை. வீட்டுக்கு வந்ததும் இவர் அத்தை போன வருடம் கிடந்த நாற்காலியைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் கடலுக்கு மட்டும் தடை நீக்கினார். பஸ் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

ஏப்ரல் 2

ராணுவ அதிகாரியோடு கூட்டம். காற்று அடங்கியிருக்கும் நேரம் காலைதான், அதனால் சோதனையை மாற்ற வழியில்லை என்றார். மேலாளர் தலையாட்டினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, வாய் முந்திக்கொண்டது.

"பறவை முட்டை வச்சா ரெண்டு மாசம் தள்ளிவைக்கிறீங்க. எங்க அத்தை நடக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் தள்ளிவைக்க முடியாதா?"

சொன்ன பிறகுதான் எங்கள் அத்தை என்று சொல்லிவிட்டது உறைத்தது. பறவைக்காரர் இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை. எத்தனை மணிக்குக் கரையேறுவார்கள் என்று கேட்டார். எட்டு என்றேன். வெளியே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தார். பதினொரு மணிவரை காற்று பெரிதாக எழும்பாதாம். எட்டுக்குப் பிறகு மூடினால் போதும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் முழுக் காலையும் வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம்.

மேலாளர் என் பக்கம் திரும்பி, "எழுது," என்றார். எழுதினேன். மனிதர்களுக்கு இப்போது பதினொரு பக்கம்.

ஜூன் 11

இன்று முதல் சோதனை. வெள்ளைக் கோடு ஒன்று மேலே ஏறியது, இடி பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒரு ஜன்னலும் உடையவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்க்க, பறவைக்காரர் மட்டும் பறவைகளைப் பார்த்தார். எழும்பிப் பறந்து, திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டன என்று நிம்மதியாகச் சொன்னார்.

அதற்கு முன் நடந்ததை எழுத வேண்டும். எட்டு மணிக்குக் கயிறு கட்ட ஒரு சிப்பாய் வந்தான். எல்லாரும் வெளியே வந்தாயிற்றா என்று கேட்டான். அவன் கேட்டது ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகரிடம். அத்தை ஒவ்வொரு தலையையும் விரலால் தொடாத குறையாக எண்ணி, "பதினெட்டு. எல்லாம் கரையேறியாச்சு, கட்டுப்பா," என்றார்.

இறுதி அறிக்கையில் பதினேழுதான் இருக்கிறது. பதினெட்டு நான். இன்றுதான் முதன்முதலாக இறங்கினேன். தண்ணீர் நல்ல குளிர்.

இவரும் வந்திருந்தார், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஐந்து துண்டுகளைத் தோளில் சுமந்தபடி. இவரைச் சேர்க்கவில்லையே என்று கேட்டேன். முட்டி நனையாதவர்களை எண்ண மாட்டாராம் அத்தை.