தடியங்காய்க் கொடியும் பத்து எலுமிச்சம்பழமும்

மதினி,

இன்று சாயங்காலம் ஆய்க்குடித் தோட்டத்தில் அந்த வெள்ளைப் பொடியைக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, எலுமிச்சம்பழத்தை இரண்டு சொட்டு பிழிந்தேன். சொய்யென்று பொங்கியது. உங்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். "என்ன அத்தை, தானா சிரிக்கிய?" என்றாள் பக்கத்தில் நின்ற உங்கள் மகள்.

பொட்டாசியம் பைகார்பனேட். நம் வீட்டில் அந்தப் பெயரை முதலில் தடுக்காமல் சொன்னது நீங்கள்தான். இவள் கல்யாணப் பந்தியில் கூட்டுக்கு நம் தோட்டத்துத் தடியங்காய்தான், கடையில் வாங்கும் வெள்ளைப் பூசணி இல்லை என்று சம்பந்தி வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் இலையெல்லாம் மாவு தூவியதுபோல் வெளுத்துவிட்டது. "காயில சாம்பல் இருந்தா அழகு, இலையில இருந்தா வியாதிட்டீ" என்று சொல்லிக்கொண்டே சுரண்டைக்குப் பஸ் ஏறினீர்கள். நீங்கள் கேட்ட கேள்விகளில் உரக்கடைக்காரரின் டீ ஆறிப்போயிருக்கும்.

வாசனை கிடையாது, தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆப்பசோடாவுக்குத் தம்பி முறை, சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். இலையில் படரும் பூசணத்தைக் காயவைக்கும்; மிச்சம் செடிக்கே உரம். எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, பொடி நயம்தானா என்று கரண்டியில் பழம் பிழிந்து காட்டினீர்கள். அந்த நுரைதான் மருந்தின் சக்தி என்று நான் நினைத்துவிட்டேன்.

மறுநாள் நீங்கள் வருவதற்குள், மருந்து கரைத்த டேங்கில் பத்துப் பழத்தைப் பிழிந்து ஊற்றினேன். நுரை பொங்கி வழிந்து என் சேலையெல்லாம் நனைந்தது. நீங்கள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "ஏட்டி, மருந்து அடிக்கியா, சோடா விக்கியா? ஐந்தருவியில கடை போட்டுருவோம்!" புளிப்பு சேர்ந்தால் பொடியின் வீரியமெல்லாம் டேங்குக்குள்ளேயே தீர்ந்துவிடும் என்று அப்புறம்தான் எனக்கு விளங்கியது. வாங்கிய பொடி மொத்தமும் வீண். கல்யாணத்துக்கோ நாள் நெருங்கிவிட்டது. அண்ணன் கத்தினபோது, "நாந்தான் பிழிஞ்சேன், இப்ப என்ன?" என்று முன்னால் வந்து நின்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்குப் போகவே இல்லை.

மறுபடியும் சுரண்டை. இந்தத் தடவை லிட்டருக்கு ஐந்து கிராம், இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், வெயில் தாழ்ந்தபின் தெளிப்பு. கெட்ட இலை கெட்டதுதான். ஆனால் புதுத் தளிர் பச்சைப்பசேலென்று வந்தது. பந்தியில் சம்பந்தியம்மா இரண்டாம் தடவை கூட்டு கேட்டதை ஊரெல்லாம் சொன்னீர்கள்.

உங்கள் கடைசிக் காலத்தில் கிட்னி கெட்டு, பொட்டாசியமே ஆகாது என்றார் டாக்டர். இளநீர், வாழைப்பழம் எல்லாம் நின்றது. "எம் பொடியே எனக்குப் பகையாயிட்டு, பாத்தியாட்டீ" என்று அப்போதும் சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் உங்கள் பேரனுக்குக் காதுகுத்து. காய் நம் கொடியில்தான் என்று மகள் மாமியாரிடம் சொல்லிவிட்டாளாம். உங்கள் பிள்ளைதானே! அதனால்தான் இன்றைய மருந்தடிப்பு. ஏன் சிரித்தேன் என்று கேட்டவளிடம் இத்தனை வருஷம் அடக்கியதைச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு டேங்குல பழம் பிழிஞ்சது உங்கம்மா இல்லட்டீ, நான்."

அவள் டேங்கில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவே இல்லை. "தெரியும் அத்தை. அம்மா அப்பவே சொல்லிட்டா. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத, அத்தை மொகம் வாடிப்போவும்னா."

முகம் வாடவில்லை, மதினி. மிஞ்சிய பாதிப் பழத்தை முந்தியில் முடிந்துகொண்டு, உங்கள் கொடிக்கு மருந்தடிக்கப் போனேன்.