மீனை இரண்டு முறை முகர்ந்த அண்ணிக்கு

என் பிரியமுள்ள அண்ணி,

நம் தெருவில் மறுபடியும் காய்ச்சல் சுற்றுகிறது. சோப்புத் தண்ணீரோடு உன் பழைய வாளி வாசலுக்கு வந்துவிட்டது. கடைகண்ணிக்கு இப்போது நான்தான் போகிறேன். திரும்பி வந்ததும் படியிலேயே நின்றுவிடுகிறேன். "அங்கியே நில்லு, கைய கழுவிகினு உள்ள வா" என்று முன்பு அண்ணனிடம் நீ போட்ட சத்தம் காதில் விழாமல் எனக்குக் கால் நகர்வதில்லை.

அந்த ஊரடங்கில் என்னைத் தெருமுனைக்குக்கூட நீ விடவில்லை. எனக்கு வீசிங். "உனுக்கே மூச்சு வாங்குது. நீ வூட்லயே கெட, நான் போயிட்டு வரேன்" என்றாய். வாரத்துக்கு ஒரே நடை. மளிகை, என் மாத்திரை, மீன். வந்ததும் வயர் கூடை வெயிலுக்கு, புடவை வாளிக்கு, நீ நேரே குளிக்க.

இவ்வளவு கறாரான நீ, மீன்காரம்மா முன்னால் மட்டும் மாஸ்க்கை இறக்கிவிடுவாயாம். அண்ணன் திட்டினால், மூக்கை மூடிக்கொண்டு எப்படி மீன் வாங்குவது என்று அவரையே மடக்குவாய். செவுளைத் தூக்கி ஒருமுறை முகர்ந்தால் எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுகிற மூக்கு உனக்கு. காசிமேட்டுப் படகுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எப்படி வாங்கத் தெரியும்? நோய் அங்கேதான் ஒட்டியதா என்று இன்றுவரை தெரியாது.

ஒரு புதன்கிழமை நீ வாங்கி வந்த சங்கரா மீன் வீட்டையே நாறடித்தது. "காசிமேட்டுக்காரி மீன் வாங்குற லட்சணமா இது?" என்று கத்தினேன். நீ ஒரு மீனை எடுத்து மூக்கருகே வைத்தாய். மறுபடியும் வைத்தாய். "நல்லாத்தான கீது" என்றாய், குரல் இறங்கிப்போய். உனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன்.

வாசனை போவதும் அந்த நோயின் அடையாளம் என்று நமக்கு அப்போது தெரியாது. மூக்கு மரத்துப்போனதை நீ யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்ததையும் சொல்லவில்லை. இன்னொரு கேலி வரும் என்று பயந்தாயா? ஐந்தாம் நாள் மூச்சு இழுத்தது, ஆம்புலன்ஸ் வந்தது. நீ திரும்பி வரவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அண்ணனை மட்டும்தான் விட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. உன்னைப் பார்த்து நான் கடைசியாகச் சிரித்த சிரிப்பு அந்த மீன் நாளின் சிரிப்புதான்.

இப்போது மீன் வாங்கும்போது நான் மாஸ்க்கை இறக்குவதில்லை. செவுள் சிவப்பா என்று பார்த்து, விரலால் அழுத்தி வாங்குகிறேன். சில நாள் ஏமாந்து போகிறேன், அது பூனைக்குப் போகட்டும். காலையில் எழுந்ததும், மூக்கு வேலை செய்கிறதா என்று காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டுத்தான் பல் தேய்க்கவே போகிறேன். சில நாள் அதற்குள்ளிருந்து அந்தச் சங்கரா நாற்றம் வருகிறது, அண்ணி. இதை யாரிடம் சொல்ல?

போன வாரம் கீழ்வீட்டு தேவி மீன் கழுவினாள். நாற்றம் மாடிவரை வந்தது. அவள் புருஷன் கத்தினான். பிறகு அவள் குரல் கேட்டது: "நல்லாத்தான கீது."

கரண்டியைப் போட்டுவிட்டு காப்பித்தூள் டப்பாவோடு இறங்கினேன். அவள் வாசற்படியில் அதை வைத்துவிட்டு, எட்ட நின்று முகர்ந்து பார்க்கச் சொன்னேன்.

"இன்னா வாசன வருது, தேவி?"

"ஒண்ணியும் வரலக்கா."

அன்றைக்கே டெஸ்டுக்கு அனுப்பினேன். நோய்தான். தனி அறையில் படுத்திருக்கிறாள். அவள் வீட்டுச் சாமான்களையும் நானே வாங்கிவந்து, கூடையை வாசலில் வைத்துவிட்டு விலகி நின்று குரல் கொடுக்கிறேன். இன்று காலை பசிக்கிறது என்று கஞ்சி கேட்டாளாம். பிழைத்துக்கொள்வாள்.

ஜன்னல் வழியாக அவள் எனக்கு நன்றி சொன்னபோது அழுகையைவிட என்மேலேயே கோபம்தான் வந்தது. நீ மீனை முகர்ந்து நின்ற அன்றைக்கும் காப்பித்தூள் டப்பா அடுப்பு மேடையில்தான் இருந்தது. கை நீட்டினால் எடுத்திருக்கலாம். தெரியாது என்பதெல்லாம் எனக்கு ஒரு சமாதானமா?

இனி யார் நாறின மீனோடு என் முன்னால் வந்து நின்றாலும் சிரிக்க மாட்டேன். முதலில் டப்பாவை நீட்டுவேன். இது உன்மேல் சத்தியம், அண்ணி.

உன்னைப் பார்த்துச் சிரித்த நாத்தனார்,
செல்வி