கொடிக்கம்பில் இன்னொரு கை

சாய்ந்தமருது
08.03.2009

அன்புள்ள கலாவுக்கு,

அல்லாஹ்வின் காவலில் நாங்கள் எல்லாரும் சுகம். லண்டன் குளிரில் உன் முழங்கால் என்ன சொல்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, எழுத நேரமில்லை என்று முடித்திருந்தாய். உன் புத்தி மாறாது. தையல் வகுப்பிலும் ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தானே கூப்பிடுவாய்.

மாவடிவட்டை வயலில் நேற்றுக் கந்தூரி விருந்து நடந்தது. வெள்ளாமை நன்றாக முற்றி நிற்கிறது. பள்ளி லெவ்வை வந்து பாத்திஹா ஓதினார். மாடு தின்னாத உங்கள் பக்கத்து ஆட்களுக்காக வழக்கம்போல ஆடுதான் அறுத்தோம். உன் தம்பி தங்கத்துரை இறைச்சிக்கு உப்புப் போதாது என்று குறை சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்ப வாங்கித் தின்றான்.

கந்தூரிக்கு நாட்டிய கொடியும் அதே பழைய கொடிதான். சுனாமியில் கடல் வந்த அன்று நம் இரண்டு வீட்டாரும் ஓடிப்போய் அந்த வயல் வாடிக் குடிசையில் கிடந்தோமே. உயிர் மிஞ்சியதற்கு நேர்ச்சை வைப்போம் என்று லெவ்வை சொன்னபோது, கொடிக்குத் துணியில்லை என்று எல்லாரும் விழித்தார்கள். நீதான் உடுத்தியிருந்த பச்சைச் சேலையின் தலைப்பைக் கிழித்துத் தந்தாய். வருஷா வருஷம் நான் அதன் ஓரத்தை மடித்துத் தைக்கிறேன். இனி மடிக்க அதிகம் இடமில்லை.

ஒரு படம் வைத்திருக்கிறேன். கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் மனிசன் முகைதீன்பாவாவும் தங்கத்துரையும். பின்னால் நிற்பவர்கள் எல்லாம் எங்கள் தெருப் பொடியன்கள். முகைதீன்பாவாவின் தாடி நரைத்ததைப் பார்த்துச் சிரிக்காதே. மாவடிவட்டையில் உன் சீதனக் காணியை இரண்டு பேரும் பாதி பாதியாகச் செய்து, குறையில்லாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

உன்
சுபைறா


லண்டன்
12.04.2009

என் அன்பு சுபைறாவுக்கு,

படம் வந்தது. பார்த்துவிட்டு அடுப்படியில் நின்றே அழுதேன். ஆனால் என் கையில் அது ஒரு கிழமைகூடத் தங்கவில்லை. மகன் தனுசன், "எங்கட வயல் அம்மா, நான் வச்சிருக்கிறன்" என்று பல்கலைக்கழக விடுதிக்குக் கொண்டுபோய்விட்டான். பேஸ்புக்கிலும் ஏற்றி, கீழே மாவடிவட்டை என்று பெயரும் போட்டிருக்கிறானாம். அவனுடைய கூட்டாளிகள் எல்லாம் அழகு அழகு என்கிறார்களாம்.

வன்னிச் சண்டையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர்தான் கதி. ஒரு செய்தித் தளத்தை மூடினால் இன்னொன்று. எது உண்மை, எது பொய் என்று கேட்க இங்கே பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. எல்லாவற்றையும் வாசிக்கிறேன். எல்லாவற்றுக்கும் அழுகிறேன்.

முகைதீன்பாவா அண்ணனுக்கு நரை வடிவாகத்தான் இருக்கிறது என்று சொல்.

உன்
கலா


லண்டன்
21.06.2009

சுபைறாவுக்கு,

வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது. போரை நிறுத்தச் சொல்லி இங்கே தெருவில் நின்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். எனக்கு இப்போது யாரையும் நம்ப முடியவில்லை.

போன மாதம், வேலையால் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு படம். தொப்பி போட்ட ஆட்கள் பச்சைக் கொடி நாட்டுகிறார்கள். முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். தோற்றுப்போன தமிழரின் வயலை ஒரு மதவெறிக் கூட்டம் கொடி நாட்டிப் பிடிக்கிறது என்று தலைப்பு. இடம் மாவடிவட்டை என்று போட்டிருந்தது. பயத்தில் வேறொன்றும் யோசிக்கவில்லை. இது என் சீதனக் காணி, காரைதீவு கலாராணி சொல்கிறேன், இது உண்மை என்று அதன் கீழே எழுதினேன். முகம் தெரியாத எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த இரவுதான் நான் கொஞ்சமாவது தூங்கினேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியாமலா நடந்திருக்கும்? தெரிந்தும் ஏன் எழுதவில்லை? நீ நல்லவள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கட ஆட்களை இனி நம்ப முடியாது. காணி முழுவதையும் தங்கத்துரையே செய்யட்டும். முகைதீன்பாவா அண்ணனிடம் நீயே சொல்லிவிடு.

கலாராணி


சாய்ந்தமருது
19.07.2009

கலாவுக்கு,

இன்று சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ பார்த்தது நான் அனுப்பிய படம். தனுசன் ஏற்றியதை எவனோ எடுத்து, தங்கத்துரை நின்ற பக்கத்தை வெட்டிவிட்டு, மற்றவர்களின் முகத்தை மங்கலாக்கியிருக்கிறான். வெட்டியவனுக்கு என்ன அவசரமோ, தங்கத்துரையின் கை மட்டும் கம்பில் மிஞ்சிக் கிடக்கிறது. கொடியை நீ உற்றுப் பார்க்கவில்லையா? அந்த மாம்பழ நிறக் கரையைக் கல்முனைக் கடையில் உனக்குத் தேர்ந்து தந்தவளே நான்தான். உன்ட சேலையைக் கண்டா நீ பயந்தாய் கலா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். முகைதீன்பாவாவைப் பொலிஸார் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மேசையில் அந்த இணையப் பக்கத்தை அச்சடித்து வைத்திருந்தார்களாம். கீழே இருந்ததையெல்லாம் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னார்களாம். தொப்பி பிரட்டி, துரோகி, காணிக் கள்ளன் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை வாசித்துக்கொண்டே போனவர், உன் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டாராம். ஊர் பேர் தெரியாதவன் எழுதியிருந்தால் விட்டிருப்பார்கள். காணிக்காரியே சொல்கிறாள் என்பதுதான் அவர்களுக்குப் பிடி.

பிறகு அந்தக் கையைக் காட்டி, "இது ஆருட கை?" என்று கேட்டிருக்கிறார்கள். தங்கத்துரையின் கை, இவள் கூடப் பிறந்தவனின் கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் தப்பியிருப்பார். ஆனால் இது எந்தக் காலம்? ஒரு தமிழ் ஆம்பிளையின் பெயரை அந்த மேசையில் சொன்னால் அவன் வீட்டுக்கு வருவானா, மாட்டானா என்று ஆருக்குத் தெரியும்? ஆரோ கூலிக்கு வந்தவன், பேர் தெரியாது என்று சொல்லிவிட்டார். விடியும்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். ஒரு காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. இவ்வளவையும் என்னிடமே மறைத்தார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

நான் நல்லவள், "ஆனால்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஆனாலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தொண்ணூறுக் கலவரத்தில் என் கூடப் பிறந்த காக்கா வயலுக்குப் போனவர், அடக்கம் செய்ய மையித்தாகக்கூட வரவில்லை. எங்கள் தெருவில் தமிழரைப் பற்றிப் பேசாத பேச்சா? உன் அம்மா பின் வளவு வழியாக வந்து என் உம்மாவோடு இருந்து அழுதா. நானும் நீயும் மறுபடி தையல் வகுப்புக்குப் போனோம். "உங்கட ஆட்கள்" என்று ஒரு நாளாவது நான் உன்னைப் பார்த்துச் சொன்னதுண்டா? அப்போது பேஸ்புக் இல்லை. ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமலா இருந்தது? நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், நம்பவில்லை. ஏனென்றால் எனக்கு உன்னைத் தெரியும்.

காணியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஓம் என்றார்.

சுபைறா


லண்டன்
16.08.2009

என் சுபைறாவுக்கு,

உன் கடிதத்தோடு தனுசனின் விடுதிக்கு ஓடினேன். சுவரில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் நின்று, மற்றப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதேன். தம்பி சிரித்துக்கொண்டு நிற்கிறான். கொடியில் என் சேலைக் கரை பளிச்சென்று தெரிகிறது. கண் இருந்தும் குருடியாய்ப் போனேனே. இரவு இரவாக வாசித்து வாசித்து, தொப்பியைக் கண்டால் இன்னார்தான் என்று நினைக்க என் மனம் பழகிவிட்டதடி.

அந்தத் தளத்துக்கு எழுதினேன், படத்தை எடுக்கச் சொல்லி, என் வார்த்தையை அழிக்கச் சொல்லி. எடுக்கவில்லை. இது கந்தூரி, மற்றக் கை என் தம்பியின் கை என்று அதன் கீழேயே எழுதினேன். எனக்கு ஆறுதல் சொன்ன அதே ஆட்கள் விலைபோனவள் என்று ஏசினார்கள். பிறகு எழுதவே முடியாமல் பூட்டிவிட்டார்கள். பொய்யை எழுதியபோது திறந்திருந்த கதவு சுபைறா. அதற்குள் வேறு எங்கெங்கோ பரவிவிட்டது என்கிறான் தனுசன்.

அண்ணனின் காதை நினைத்தால் எனக்கு உயிர் போகிறது. என் தம்பிக்காக அடி வாங்கிய மனிசனுக்கு நான் என்ன முகத்தோடு எழுதுவேன்? காணி பழையபடியே இருக்கட்டும். மார்ச் மாதம் லீவு கேட்டிருக்கிறேன். கந்தூரிக்கு நானே வந்து எல்லார் முன்னாலும் அந்தக் கம்பைப் பிடிக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது. ஏசியாவது ஒரு வரி போடு.

கலா


சாய்ந்தமருது
14.02.2010

அன்புள்ள கலாவுக்கு,

பதில் தாமதம். ஏசத்தான் இருந்தேன், ஏச்சு வரவில்லை.

உன் தம்பி ஒரு நாள் வந்தான். எங்கள் வாசற்படியில் இருந்து முகைதீன்பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளைபோல அழுதான். இவர் கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, "விடு மச்சான், விடு" என்றார். இரண்டு பேருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அதை நீ நம்பலாம்.

ஆனால் கட்டாரில் இருக்கிற என் மகன் அதாவுல்லாவுக்கும் அந்தப் படம் போய்விட்டது. அது எங்கள் ஆட்களின் பேஸ்புக் பக்கமாம். உன் பெயரையும் நீ எழுதியதையும் சேர்த்துப் போட்டு, வெளிநாட்டுத் தமிழர் நம்மை மறுபடி விரட்டப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறதாம். தமிழர் காணியில் கால் வைக்க வேண்டாம் என்று வாப்பாவோடு சண்டை. கடல் வந்த அன்று கலா மாமி அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஓடித் தப்பினா என்று நான் சொன்னேன். "அவ நல்லவ உம்மா, ஆனா" என்று தொடங்கினான். நான் போனை வைத்துவிட்டேன். காக்கா வராமல் போன அந்த நாளில்கூட என் நெஞ்சு இப்படி நோகவில்லை.

போன கிழமை முகைதீன்பாவா கந்தூரிக்கு நாள் குறிக்க வயல் வட்டைக்குப் போனார். தங்கத்துரை வரம்பில் நின்று அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் வேணாம் மச்சான். ஆராவது படம் எடுத்துப் போட்டுருவானுகள்" என்றானாம். இவருக்கும் அதுதான் பயம். நீ வந்து கம்பைப் பிடித்தால் அதையும் ஒருவன் எடுப்பான். எந்தப் பக்கத்தை வெட்டிப் போடுவானோ. தான் செய்த பாதிக் காணியையும் இவர் தங்கத்துரையிடமே விட்டுவிட்டார். உன்மேல் கோபத்தில் இல்லை. மனிசனுக்குக் காலையில் எழும்பினால் போக இடமில்லை, அதுதான் பார்க்க ஏலாமல் இருக்கிறது.

நீ ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வா, சோறு தருவேன். ஆனால் இருட்டின பிறகு வா. என் வாயாலும் இந்த ஆனால் வந்துவிட்டது பார்த்தாயா.

இதோடு உன் சேலைத் துண்டை அனுப்புகிறேன். கழுவிக் காயப்போட்டேன். வயல் சேறு ஓரிடத்தில் போகவில்லை. இந்த முறை ஓரம் தைக்கவில்லை, அது பிரிந்துபோய்க் கிடக்கிறது. இனி நீயே தைத்துக்கொள். ஊசியில் நூல் கோர்த்துத் துணியிலேயே குத்தி வைத்திருக்கிறேன். பார்த்துப் பிரி, கையில் குத்தும்.

சுபைறா