மாடி மேடையின் உயரம்

மார்ச் 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பகலில் எழுதலாம் என்றால் வாண்டு பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். இப்போதுதான் தூங்கினாள். எழுத்து கோணினால் என் தூக்கத்தைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நீ எப்படி இருக்கிறாய்? போன மாதம் வாண்டுக்கு நீ பின்னிய ஸ்வெட்டரை வாங்க வந்தேனே, அன்றைக்குக் கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, "சாவியை அவர் வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டார்டி" என்று கேட்டுக்கு மேலாகவே கையை நீட்டிக் கொடுத்தாய். அவ்வளவு உயரத்துக்கு மேலே ஒரு கை வந்ததை வாண்டு இன்னும் மறக்கவில்லை. யார் வீட்டுக் கேட்டைப் பார்த்தாலும் "பெரிம்மா கை வரும்" என்று நின்றுவிடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் எங்களுக்குக் கட்டும் மாடி அறையைப் பற்றித்தான். அவர் எடுக்கும் எல்லா வேலைக்கும் வரைபடம் போடுகிறவள் நீ. அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் கேட்டது என்ன? ஹாலிலிருந்து படி, மேலே வாண்டுக்கு ஒரு அறை. அவ்வளவுதான். இப்போது பார்த்தால் படி வீட்டுக்கு வெளியே பக்கச் சந்தில் ஏறுகிறது. மாடிக்குத் தனிக் கதவு. நேற்று அறை மூலையில் சுவரைக் கொத்தித் தண்ணீர்க் குழாய் ஏற்றியிருக்கிறார்கள். படிக்கப்போகிற அறைக்குக் குழாய் எதற்கு, எழுதின கையைக் கழுவவா?

மனதில் இருப்பதை உன்னிடம் மறைக்க முடியாது. கேட்காத வேலையெல்லாம் சேர்த்துப் பில்லை ஏற்றப் பார்க்கிறாரோ என்று தோன்றுகிறது. சொந்தத்தில் வேலை கொடுத்தால் வாயைத் திறக்க முடியாது, அதுதான் அவருக்கு வசதி.

இன்னொன்று. கடிதத்தை உன் வீட்டுக்குப் போடாமல் எதிர் தையல்கடை அம்மா பேருக்கு ஏன் போடச் சொல்கிறாய்? ஃபோனில் பேசினாலும் "ம்", "சரி", "அப்புறம்" தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. உன் வீட்டில் என்னதான் நடக்கிறது?

உன் அன்புத் தங்கை,
சின்னு


மார்ச் 8

சின்னுக்குட்டி,

கடிதம் வந்தது. தையல்கடை அம்மா ரவிக்கைத் துணிக்குள் வைத்துக் கேட் கம்பி வழியாகக் கொடுத்தாள். எங்கள் தபால் பெட்டிக்கு மூடி போய்விட்டது, மழையில் எல்லாம் நனைகிறது. அதனால்தான் கடை முகவரி. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவருக்குத் தன் வீட்டுப் பெட்டிக்கு மூடி போட நேரம் இல்லை. நீ உடனே அதற்கும் ஒரு கதை கட்டாதே.

வரைந்தது நான்தான். அவர் சொன்னபடி வரைந்தேன். ஹாலில் கூரையை வெட்டினால் பீம் அடிபடும் என்றார், அதனால் படி வெளியே போனது. நல்லதுதானே, உன் ஹால் அப்படியே இருக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் மாடியில் ஒரு குழாய் இருந்தால் ஆயிரம் உபயோகம். பில்லைப் பற்றி நீ பயப்படாதே.

அவரிடம் மட்டும் நேரே எதுவும் கேட்டுவிடாதே. வேலை பாதியில் இருக்கும்போது கேள்வி கேட்டால் அவருக்கு முகம் மாறிவிடும். எதுவானாலும் எனக்கு எழுது.

வாண்டுக்கு ஸ்வெட்டர் கை நீளமாக இருந்தால் மடித்து விடு, வெட்டாதே, வளருவாள். அந்த அறை ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது? வெயில் காலையில் வருகிறதா, சாயங்காலமா? வெளிக்கதவுக்குப் பூட்டு உள்ளேயிருந்தும் போடலாம் இல்லையா? சும்மாதான் கேட்கிறேன். வரைந்தவளுக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

உன் அக்கா


மார்ச் 15, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

ஜன்னலிலிருந்து பின் தெருவும் ஒரு சலவைக் கடையும் தெரிகின்றன. வெயில் காலையில் வருகிறது. பூட்டு இரண்டு பக்கமும் போடலாம். போதுமா? நான் ஒன்று கேட்டால் நீ வெயிலைக் கேட்கிறாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். பக்கத்துத் தெருவில் வேலை செய்யும் இன்னொரு மேஸ்திரியைக் கூப்பிட்டு ஹாலைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். "பீம் அந்த ஓரமால்ல போகுது. இங்கே தாராளமா வெட்டலாமே, யாரும்மா முடியாதுன்னது?" என்றார். உன் வீட்டுக்காரர் பச்சைப் பொய் சொல்லியிருக்கிறார் அக்கா. நீ அதை அப்படியே நம்பி வரைந்திருக்கிறாய்.

அது மட்டும் இல்லை. குழாய்க்குக் கீழே இப்போது கருங்கல் பலகை போட்டுச் சமையல் மேடையே கட்டிவிட்டார்கள்! தனிப் படி, தனிக் கதவு, குழாய், மேடை. இது குழந்தைக்கு அறையா, யாருக்கோ குடித்தனமா? மேடையாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. என் நெஞ்சுக்கு வருகிறது. அதில் நான் காய் நறுக்கினால் மூக்கையும் சேர்த்து நறுக்க வேண்டியதுதான். நம் மேஸ்திரியைக் கேட்டால், "நான் ஒரு இஞ்ச் கூட்டல, குறைக்கலம்மா. வரைபடத்துல இருக்கற உயரம்தான்" என்கிறார்.

என் வீட்டுக்காரர் இவர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டேவிட்டேன். "நீங்களும் உங்க சகலையும் சேர்ந்து என்கிட்ட சொல்லாம மாடியை வாடகைக்கு விடப் போறீங்களா?"

"யாருக்கு, உன் சந்தேகத்துக்கா? அதுக்குத்தான் ஏற்கெனவே வீடு பூராவும் குடுத்தாச்சே" என்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டே சிரிப்பு வேறு. அவர் சிரித்தால் நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். ஆக மிச்சம் இருப்பது அத்தான்தான். அவர் யாரையோ கொண்டுவந்து எங்கள் தலைக்கு மேல் உட்காரவைக்கப் பார்க்கிறார். உன்னிடம் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது, அது யாராக இருக்கும் என்று நீயும் கொஞ்சம் யோசி.

ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்க்க வருகிறாராம். முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன். பதில் சொல்லும்வரை ஒரு செங்கல் நகராது. மேடையை இடிக்கச் சொல்லிவிடுவேன். உனக்காகத்தான் இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

உன் தங்கை,
சின்னு


மார்ச் 17

சின்னு,

கேட்காதே. கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுதவேண்டுமென்றால் அப்படியே எழுதுகிறேன். கேட்காதே.

அவர் உன்னை ஏமாற்றவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் தப்பில்லை. மேடையை இடிக்காதே. உனக்கு உயரமாக இருந்தால் இருக்கட்டும். வேலையை நிறுத்தாதே, அது ரொம்ப முக்கியம். அறை முடிந்ததும் பார்க்க என்னையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நேரில் எல்லாம் சொல்கிறேன். காகிதத்தில் சொல்ல முடியவில்லை.

வாண்டுக்கு முத்தம். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அக்கா


மார்ச் 21, இரவு

என் அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொண்டாக வேண்டும். அத்தான் மாடியில் டேப்பை நீட்டி ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். நான் வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"அத்தான், யாரைக் கேட்டு இங்கே அடுப்படி கட்டினீங்க?"

"யாரைக் கேட்டா? நீதானேம்மா கேட்டே."

"நானா?"

"படி வெளியே வேணும், மேடை வேணும், தனிக்கதவு வேணும்னு ஒண்ணொண்ணா நீ கேட்டதா உங்க அக்கா சொன்னா. சின்னவ ஆசைப்படறா, வரைஞ்சிருக்கேன், கட்டிக் குடுங்கன்னா. எனக்கென்ன, நான் வரைஞ்சதைக் கட்டறவன்."

"நான் இதுல எதையுமே கேட்கல. ஹால்ல பீம் இருக்கு, வெட்டக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னதா அக்கா எழுதியிருந்தா."

"எழுதியிருந்தாளா?" என்றார்.

நீ எழுதினாய் என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. டேப் 'சரக்'கென்று சுருண்டு உள்ளே போனது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மேடையை ஒருமுறை பார்த்தார், வெளிக்கதவை ஒருமுறை பார்த்தார். வாண்டின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே, "சரிம்மா, உங்க அக்காகிட்ட நான் கேட்டுக்கறேன்" என்றார். வேலையாட்களை இறங்கச் சொல்லி, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்கு உன்மேல்தான் கொதித்தது. என்னிடம் அவர் சொன்னதாகச் சொன்னாய். அவரிடம் நான் கேட்டதாகச் சொன்னாய். என் வீட்டில், என் குழந்தை அறையில், என்னை வைத்தே விளையாடியிருக்கிறாய். எதற்கு? அந்த மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஊன்ற முடியவில்லை, தோள் தூக்கிக்கொண்டது. அப்போதுதான் நம் பழைய வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு நீ சொல்வாயே, "மேடையெல்லாம் குள்ளச்சிங்களுக்குத்தான் கட்டறாங்கடி" என்று. யாருக்கு வரைந்தாலும் அந்த வீட்டுக்காரியை நிற்கவைத்து முழங்கையை அளந்துகொண்டு வரைகிறவள் நீ. இதற்கும் அளந்துதான் போட்டிருக்கிறாய். உன் முழங்கையை.

நம் குடும்பத்தில் அந்த மேடையில் தோளைத் தூக்காமல் வேலை செய்யக்கூடிய ஆள் ஒருத்திதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. உன் சாவி ஏன் எப்போதும் அவரிடமே இருக்கிறது. நீ ஏன் உள்பக்கப் பூட்டைக் கேட்டாய். எங்கள் ஹாலுக்குள் நுழையாமல், யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிப் போகிற மாதிரி ஏன் படியைத் தூக்கி வெளியே வைத்தாய். வேலையை நிறுத்தாதே என்றாயே, அறையைப் பார்க்க வரும் அன்று நீ திரும்பிப் போகப் போவதில்லை, அதானே? உன்னைப் பூட்டி வைத்திருக்கிறவர் கையாலேயே உனக்கு ஒரு வீடு கட்ட வைத்திருக்கிறாய். உன் துணிச்சல் எனக்கு வராது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பயந்தாங்கொள்ளி, உளறிவிடுவேன் என்று நினைத்திருப்பாய். கடைசியில் உளறத்தான் செய்தேன்.

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். கேட்டில் புதுப் பூட்டு. கூப்பிட்டேன். அத்தான்தான் வாசலுக்கு வந்தார். "தலைவலி, படுத்திருக்கா" என்றார். மாடி ஜன்னல் திரை அசைந்தது. காற்றா, நீயா? வாண்டு கேட்டையே பார்த்துக்கொண்டு, "பெரிம்மா கை" என்றாள். கை வரவில்லை. உன் ஃபோன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அணைந்து கிடக்கிறது.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிண்டல் எதுவும் செய்யவில்லை. "அந்த இன்னொரு மேஸ்திரி நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இன்று காலை முதல் அந்த மேஸ்திரியின் ஆட்கள் மாடியில் பூசுகிறார்கள். படி வெளியேயே இருக்கட்டும். மேடையில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வாண்டுக்குக் கீழே என் பக்கத்தில் இடம் இருக்கிறது, இன்னும் நாலு வருஷத்துக்கு அவளுக்கு என் வயிறுதான் மெத்தை.

இவர் இப்போதே ஆட்களோடு போய்க் கேட்டைத் திறக்கவைக்கலாம் என்கிறார், ஸ்டேஷனுக்கும் போகலாம் என்கிறார். நான்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் ஒருமுறை வாயைத் திறந்து உனக்கு என்ன செய்துவிட்டேனோ தெரியவில்லை. இன்னொரு முறை உன்னைக் கேட்காமல் செய்ய எனக்குக் கை வரவில்லை. ஆனால் ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தையல்கடை அம்மாவிடம் நானே கையில் கொடுக்கிறேன். இதோடு நூல்கண்டுக்குள் ஒரு சாவி வைத்திருக்கிறேன். மாடிக் கதவுச் சாவி. இதற்கு ஜோடி கிடையாது, என்னிடம்கூட.

கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. எழுத நேரம் இல்லையென்றால் ரவிக்கைத் துணியில் "வா" என்று ஒரு எழுத்துப் போட்டுக் கொடு, போதும். சீக்கிரம் பதில் போடு அக்கா.

சின்னு